அந்தத் "தேர்ந்த ஆள்" யார்?



"டிப்ளமோ தானே?" என்ற கேள்வியைச் சந்திக்காதவர் யாராவது நம் கல்லூரியில் இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். கல்யாண வீட்டில் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். "மேல பி.இ. சேரலியா தம்பி?" என்று அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். அந்த "தானே" என்கிற இரண்டெழுத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் ரொம்ப நாளாகப் புரியவில்லை. பதில் ஒரு சட்டத்துக்குள் இருந்தது. அதுவும் காரில் கைக்குழந்தையை உட்கார வைக்கிற ஒரு சீட்டைப் பற்றிய வாதத்தில்தான் அது எனக்குக் கிடைத்தது. எப்படி என்று சொல்கிறேன்.

நம் சாண்ட்விச் கோர்ஸில் இண்டஸ்ட்ரியல் டிரெயினிங் உண்டல்லவா? வகுப்பு நண்பர்களுக்கு லேத்தும், மில்லிங்கும், ஃபவுண்டரியும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது சென்னையில் கிண்டிப் பக்கம் ஒரு டிராயிங் ஆபீஸ். காப்புரிமை விண்ணப்பங்களுக்கு, அதாவது பேடன்ட்டுக்கு, படம் வரைந்து கொடுக்கிற இடம். "ஏன்டா, கையில கிரீஸ் படாம டிரெயினிங்கா?" என்று ரூம் நண்பன் சிரித்தான். மாட்டிக்கொண்டோமே என்றுதான் நானும் முதல் வாரம் நினைத்தேன்.

முதல் நாளே ஓர் ஆச்சரியம். முதல் செமஸ்டரிலிருந்து நம் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம் என்ன? "டைமென்ஷன் இல்லாத டிராயிங் உப்பில்லாத சாப்பாடு!" ஆனால் காப்புரிமைப் படத்தில் டைமென்ஷன் போடவே கூடாதாம். நம் நாட்டுக் காப்புரிமை விதிகளிலேயே அப்படி எழுதியிருக்கிறது. படத்தில் இருக்க வேண்டியது பாகங்களுக்கு எண் மட்டும். அடித்தளம் 1, கால் 2, கீல் 3 என்று போய்க்கொண்டே இருக்கும்.

"ஏன் சார் அளவு வேண்டாம்கிறாங்க?" என்று கேட்டேன். அங்கே எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ வரையறது ஒரு பொருளை இல்ல, ஒரு யோசனையை. அந்தப் பொருளை இருபது மில்லியில செஞ்சாலும் இருபத்தஞ்சு மில்லியில செஞ்சாலும் யோசனை ஒண்ணுதானே?"

சரி, இப்போது சீட்டுக்கு வருவோம்.

நாங்கள் ஐந்து பேர் டிரெயினிகள். மூன்று பேர் டிப்ளமோ, இரண்டு பேர் பி.இ. முடித்த அண்ணன்கள். கட்சிக்காரர்களின் கோப்பை வைத்து விளையாட முடியாது, அது ரகசியம். அதனால் பயிற்சிக்கென்றே சார் ஒரு கோப்பைத் தானே தயார் செய்து வைத்திருந்தார். அதில் விண்ணப்பதாரர் ஐரோப்பாவில் இருக்கிற ஒரு கற்பனைக் கம்பெனி. கண்டுபிடிப்பு, காரில் வைக்கும் குழந்தை சீட்டுக்கான அடித்தளம். அதன் முன்பக்கம் தரையில் ஊன்றி நிற்க ஒரு மடக்குக் கால். சீட்டு தனி, அடித்தளம் தனி. அடித்தளம் காரிலேயே இருக்கும். குழந்தையோடு சீட்டைத் தூக்கிவந்து அதன்மேல் "டக்" என்று பொருத்தினால் போதும்.

இதென்ன பிரமாதம் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் இந்தச் சீட்டுகளை முன்பக்க மோதல் சோதனையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோத விடுகிறார்கள். அந்த வேகம் விநாடிக்கு சுமார் 13.9 மீட்டர். வி ஸ்கொயரை 2 ஜி-யால் வகுத்தால் 9.8 மீட்டர் வருகிறது. அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கிற வேகம்! மோதும்போது வேகம் குறைவதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் 25 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 கிலோ குழந்தை அந்த நொடியில் 225 கிலோ மாதிரி முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. "மடியில வச்சிருக்கேன், பத்திரமா இருக்கு" என்று சொல்கிறோமே, அதெல்லாம் கார் நிற்கும்வரை சொல்கிற பேச்சு.

அதனால்தான் சீட்டை காரின் சட்டத்தோடு பிடிக்க ஐசோஃபிக்ஸ் என்ற முறை வந்தது. 1999-இல் அதற்கு உலகத் தர எண் கிடைத்தது: ஐஎஸ்ஓ 13216. பின் சீட்டின் முதுகும் இருக்கையும் சேருகிற இடுக்கில், 6 மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டு, 280 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். அடித்தளத்தின் கொக்கிகள் அதில் கவ்வும். இப்போது நம் ஊர்க் கார்கள் பலவற்றிலும் இந்தக் கம்பிகள் உண்டு. கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இங்கேதான் நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் வருகிறது. ஒரே கோட்டில் இரண்டு இடத்தில் பிடித்தால் அது என்ன? கீல்! கதவு எப்படி இரண்டு கீலில் சுற்றுகிறதோ, அப்படி இந்தச் சீட்டும் அந்தக் கம்பிகளைச் சுற்றி முன்னால் கவிழப் பார்க்கும். கீழே இருக்கும் மெத்தை பஞ்சு, அது தாங்காது. அதனால் மூன்றாவது ஒரு பிடி வேண்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்று நம் பாட்டிக்கே தெரியும். அந்த மூன்றாவது பிடியை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்று, சீட்டின் மேல்பக்கத்திலிருந்து பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை. இன்னொன்று, முன்னால் தரையில் ஊன்றும் தாங்குகால். 2013-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஒழுங்குமுறை எண் 129-ல் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறது. சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்ற கணக்கும் உண்டு. 33-ஐ 25-ஆல் பெருக்குங்கள். 825 கிலோ! இதில் ஒரு பங்கு அந்த ஒல்லிக்கால் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் தூண் வளைவதைப் படித்தபோது "இது எதுக்கு சார்?" என்று கேட்டோமே... இதுக்குத்தான்!

கால் ஏன் மடங்க வேண்டும்? சீட்டு வேண்டாதபோது அடித்தளத்தைக் கழற்றி டிக்கியில் போட வேண்டும், வீட்டில் அலமாரியில் வைக்க வேண்டும். நீட்டிக்கொண்டே இருக்கிற காலை எங்கே வைப்பது? ஆனால் மடங்குகிற எதற்கும் ஒரு வியாதி உண்டு. விரிக்க மறந்துவிடுவார்கள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அக்கா திருமங்கலத்தில் இருக்கிறாள். பத்து மாதக் குழந்தை. ஜெர்மனியிலிருந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவர், தன் பிள்ளை வளர்ந்துவிட்டதால், இந்த மாதிரி ஒரு சீட்டை அடித்தளத்தோடு கொடுத்துவிட்டுப் போனார். டிரெயினிங் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அத்தான் காரில் சீட்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. எட்டிப் பார்த்தால் கால் மடங்கி அடித்தளத்துக்கு அடியிலேயே படுத்திருக்கிறது!

"என்ன அத்தான், காலை விரிக்கலியா?"

"அட, அது எதுக்கு மாப்ள? விரிச்சா கீழ பை வைக்க இடமில்ல. சீட்டுதான் டக்குனு மாட்டிக்குதே, அப்புறம் என்ன?"

அத்தான் அலட்சியக்காரர் இல்லை. குழந்தைக்காக மாடிப்படியில் கேட் போட்டவர். "டக்" என்ற சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்று அவர் காது சொல்லிவிட்டது. நான் காலை விரித்து, தரையில் ஊன்றி, உயரத்தைச் சரிசெய்து, அந்தத் தரைக்கு அடியில் சாமான் பெட்டி எதுவும் இல்லை என்று தட்டிப் பார்த்தேன். உள்ளே காலியாக இருக்கிற தரையில் கால் ஊன்றினால் மூடி உடைந்து கால் இறங்கிவிடும். பிறகு அந்த மூன்று மாடிக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன். அத்தான் ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்து டிக்கியில் வைத்தார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆபீஸ் வந்தால் சார் ஒரு கூத்து அறிவித்தார். "கோப்பு படிச்சாச்சுல்ல? இப்ப நாடகம். நீ எக்ஸாமினர்," என்று என்னைக் காட்டினார். "நீ விண்ணப்பதாரரோட ஏஜென்ட்," என்று ஈரோட்டு நண்பனைக் காட்டினார். சேலத்துத் தோழி குறிப்பெடுக்க வேண்டும். பி.இ. அண்ணன்கள் இருவரும் பார்வையாளர்கள். எங்களுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

எக்ஸாமினர் வேலை என்ன தெரியுமா? விண்ணப்பத்தில் படம் இருக்கும், விளக்கம் இருக்கும். கடைசியில் "கிளெய்ம்" என்று எண்ணிட்ட வாக்கியங்கள் இருக்கும். உரிமை அந்த வாக்கியங்களுக்குத்தான். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, அந்த மாதிரி. எல்லைக்குள் இருப்பது உனக்கு, வெளியே இருப்பது ஊருக்கு. எக்ஸாமினர் அந்த எல்லைக்குள் ஏற்கெனவே ஊர்ப் பொதுச் சொத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார். உலகம் முழுக்கக் காப்புரிமைகளை இனம் பிரித்து வைத்திருக்கிறார்கள். குழந்தை சீட்டுக்கு பி60என் 2/28 என்ற பிரிவு. அந்த அறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

கோப்பில் முதல் கிளெய்ம் இப்படி இருந்தது: பின்புறம் இரண்டு கொக்கிகள், முன்புறம் கீலில் மடங்கும் கால், காலின் நீளத்தை மாற்றும் ஏற்பாடு, இவை கொண்ட அடித்தளம். சார் கொடுத்த பழைய ஆவணங்களில் டி-1 என்பதை எடுத்தேன். கொக்கி, மடக்குக் கால், பின் போட்டு நீளத்தை மாற்றும் வசதி மூன்றும் அதில் இருந்தன.

"ஒரே ஆவணத்தில் எல்லா அம்சமும் உள்ளது. புதுமை இல்லை. கிளெய்ம் நிராகரிக்கத்தக்கது," என்று கம்பீரமாகச் சொன்னேன்.

ஈரோட்டுக்காரன் அசரவில்லை. "கிளெய்மைத் திருத்துறோம். கால் முழுசா விரிஞ்சதும் தானாவே பூட்டிக்கற ஸ்பிரிங் பூட்டு. இது டி-1-ல இல்ல."

டி-2 எடுத்தேன். அது ஒரு மடக்குக் கட்டில். கால் விரிந்ததும் தானாகப் பூட்டிக்கொள்கிறது.

"அது கட்டில்! இது கார்!" என்றான் அவன்.

"மடங்குற கால் மடங்காம நிக்கணும், அதுதானே பிரச்சினை? கட்டில் காலைப் பாத்த எந்த மெக்கானிக்கும் இதைச் செய்வான்," என்றேன்.

சார் தலையாட்டினார். ஒரு ஆவணத்தில் முழுதும் இருந்தால் புதுமை போச்சு. இரண்டைச் சேர்த்தால் வந்துவிடும் என்றால் "இன்வென்டிவ் ஸ்டெப்" போச்சு. அதாவது கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு படி மேலே ஏறியிருக்க வேண்டும், அது இல்லை. நம் 1970-ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டையும் தனித்தனியே கேட்கிறது.

ஈரோட்டு நண்பன் கோப்பைப் புரட்டினான். புதிதாக எதையும் இப்போது சேர்க்க முடியாது. தாக்கல் செய்த அன்று காகிதத்தில் இருந்ததை மட்டும்தான் கிளெய்முக்குள் இழுத்து வரலாம். ஐந்தாவது படத்தில் அவன் விரல் நின்றது. எண் 14. கீலிலிருந்து அடித்தளத்துக்குள் ஓடுகிற ஒரு சின்னத் தண்டு. விளக்கத்தில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம். கால் விரிந்து பூட்டாதவரை, தண்டு 14 சீட்டைக் கவ்வும் கொக்கியைத் தடுத்து நிறுத்தும்.

"சார், கிளெய்ம்ல இதைச் சேர்க்கறோம். கால் விரியலைன்னா சீட்டு அடித்தளத்துல மாட்டவே மாட்டாது. 'டக்' வராது!"

நண்பர்களே, அந்த நிமிஷம் எனக்குத் திருமங்கலம் கண்முன் வந்தது. கால் போதுமான பலத்தோடுதான் இருந்தது. சத்தம் வந்துவிட்டதே என்று மனுஷன் நம்பியதுதான் கோளாறு. இந்தத் தண்டு அந்தச் சத்தத்தையே பிடித்து வைக்கிறது.

ஆனாலும் நான் எக்ஸாமினர் அல்லவா? விட முடியுமா? டி-3 எடுத்தேன். அதில் கால் விரியாவிட்டால் சிவப்பு, விரிந்தால் பச்சை காட்டும் ஒரு சின்ன ஜன்னல். "எச்சரிக்கை ஏற்கெனவே இருக்கு. எச்சரிக்கைக்குப் பதிலா தடுப்பு. வாஷிங் மெஷின் மூடி திறந்திருந்தா ஓடாது. இண்டர்லாக் பழசு சார்!"

பி.இ. அண்ணன் ஒருவர் "சபாஷ்!" என்றார். ஈரோட்டுக்காரன் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் சார் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எல்லாம் சரி. 'இது தெரிஞ்ச விஷயம்தான்'ங்கறியே, யாருக்குத் தெரிஞ்ச விஷயம்?"

யாரும் பேசவில்லை. சார் சட்டப் புத்தகத்தைத் திறந்தார். "அந்தத் துறையில் தேர்ந்த ஒரு ஆளுக்கு" வெளிப்படையாகத் தெரியக் கூடாது என்று இருந்தது. அந்தத் தேர்ந்த ஆளைக் கொண்டுதான் உலகம் முழுக்கக் காப்புரிமையை அளக்கிறார்களாம். ஜெர்மனியின் மியூனிக்கில் இருக்கிற ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஆனாலும் சரி, நம் கிண்டி ஆபீஸ் ஆனாலும் சரி.

"அப்ப அந்த ஆள் பி.எச்.டி.யா சார்?" என்று கேட்டார் அண்ணன்.

"துறையைப் பொறுத்து மாறும். மருந்துன்னா பி.எச்.டி.யா இருக்கலாம். ஆனா கீல், கொக்கி, ஸ்பிரிங், தண்டு இந்த வேலையில டிராயிங் டேபிள்ல உக்காந்து இதைத் தினமும் செய்யற ஆள் யாரு? பெரிய மேதை இல்ல. கத்துக்குட்டியும் இல்ல. தொழில் தெரிஞ்சவன், வெளிவந்த விஷயமெல்லாம் கைக்கு எட்டுறவன், வழக்கமான மாற்றம் எல்லாம் செய்யத் தெரிஞ்சவன்." எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "உங்களை மாதிரி ஆள்தான்பா! நல்ல டிப்ளமோக்காரன்!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை. "டிப்ளமோ தானே?" என்று கேட்டவர்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

சார் விடவில்லை. "இப்ப நீயே அந்த ஆள். டி-1, டி-2, டி-3 உன் மேஜையில இருக்கு. தண்டு 14 இருக்கிற இந்தக் கோப்பை நீ பாக்கவே இல்ல. இதைச் செய்ய *முடியுமா*ன்னு நான் கேக்கல. முடியும்னு இப்ப யாரும் சொல்லலாம், விடையைப் பாத்தாச்சு. நீ செஞ்சிருப்*பியா*? ஏன் செஞ்சிருப்பே?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். சிவப்பு ஜன்னலைக் கையில் கொடுத்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஜன்னலைப் பெரிதாக்கியிருப்பேன். ஒரு பஸ்ஸர் வைத்திருப்பேன். காலைப் பற்றிய சேதியைக் காலின் பக்கத்திலேயேதான் காட்டியிருப்பேன். அங்கிருந்து தண்டு ஓட்டி, சம்பந்தமே இல்லாத சீட்டுக் கொக்கியைப் போய்ப் பிடித்திருப்பேனா? மூன்று ஆவணத்திலும் அதற்கு ஒரு சாடை கூட இல்லை. வாஷிங் மெஷின் மூடி மின்சாரத்தை நிறுத்துகிறது. இங்கே மின்சாரமே இல்லை.

"செஞ்சிருக்க மாட்டேன் சார்," என்றேன்.

"அப்ப எழுது."

ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். ஈரோட்டுக்காரன் "கால் விரியாதபோது சீட்டு பொருந்தாமல் தடுக்கும் ஏதேனும் ஓர் ஏற்பாடு" என்று எழுதிக் கொண்டுவந்தான். ஆசை! அப்படி எழுதினால் நாளைக்கு யாராவது மின்சார சுவிட்ச் வைத்துத் தடுத்தாலும் இவன் எல்லைக்குள் வந்துவிடும். இவன் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது கீலோடு இணைந்த ஒரு தண்டைப் பற்றி மட்டும்தானே? "எவ்வளவு சொல்லிக்கொடுத்தியோ அவ்வளவுதான் எல்லை. கீல், தண்டு, கொக்கி மூணையும் கிளெய்ம்ல எழுது," என்றேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் எழுதினான். நான் ஏற்றுக்கொண்டேன். சேலத்துத் தோழி குறிப்பில் கடைசி வரியாக "இருதரப்பும் டீ குடிக்கச் சென்றனர்" என்று எழுதியிருந்தாள்!

அதற்குப் பிறகு சார் சொன்ன மூன்று நிஜ வழக்குகளை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்றுமே நம் பட்டறை வாசனை அடிக்கிறவை.

முதலாவது நம் நாட்டு வழக்கு. பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடைவதற்கான ஒரு பிடிப்புச் சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்பது வழக்கின் பெயர். 1978-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. வெறும் பட்டறைச் சீர்திருத்தம் போதாது, அதற்கு மேலே ஏதாவது வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் இன்வென்டிவ் ஸ்டெப் என்று பேச்சு வந்தால் வக்கீல்கள் இந்த லேத்தைத்தான் இழுக்கிறார்கள்.

இரண்டாவது அமெரிக்காவில், 2007-இல். கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ். காரின் ஆக்ஸிலரேட்டர் பெடல். நகர்த்தி வைக்கக்கூடிய பெடல் பழசு, எலெக்ட்ரானிக் சென்சாரும் பழசு. இரண்டையும் சேர்த்தது சாதாரண விஷயம்தான் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது. சாதாரணத் தேர்ச்சி உள்ள ஆளுக்கும் சாதாரண அளவில் கற்பனை உண்டு, அவன் வெறும் இயந்திரம் இல்லை என்று! நமக்காக வாதாடின மாதிரி இல்லையா?

மூன்றாவது இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு. பாய்மரம் கட்டிய பலகையில் நின்று கடலில் போகும் விளையாட்டுக்கான காப்புரிமை. அது செல்லாமல் போனது எதனால் தெரியுமா? 1958-இல் ஹேலிங் தீவில் 12 வயதுப் பையன் ஒருவன் தானே அந்த மாதிரிப் பலகை ஒன்று செய்து எல்லோர் கண்ணெதிரிலும் விளையாடியிருக்கிறான். பள்ளிக்கூடப் பையனின் விளையாட்டு ஒரு கம்பெனியின் காப்புரிமையைக் கவிழ்த்துவிட்டது!

இந்த மூன்றாவது கதையில் நமக்கு ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. ஊர் பார்த்துவிட்டால் அது ஊர்ச் சொத்து. பார்க்க வைத்தது நாமே ஆனாலும்! நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி பகல் கண்விழித்து புராஜெக்ட் செய்கிறோம். உடனே பக்கத்துக் கல்லூரிக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வருகிறவர்கள் எல்லோருக்கும் கழற்றிக் காட்டுகிறோம். மூன்றாம் பரிசு ஷீல்டு கிடைக்கிறது. காப்புரிமைக்கான புதுமை அன்றைக்கே போய்விடுகிறது. அரசு அறிவித்த சில கண்காட்சிகளுக்குச் சட்டத்தில் 12 மாதச் சலுகை உண்டு. எல்லாக் கண்காட்சிக்கும் கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. உங்கள் மாடலில் உண்மையிலேயே ஒரு படி ஏறியிருப்பதாகத் தோன்றினால், காட்டுவதற்கு முன் ஒரு தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிடுங்கள். அந்த நாள் உங்கள் நாளாகப் பதிவாகும். முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் அவகாசம். 2024-இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகும், தனிநபர் இணையம் வழியாகத் தாக்கல் செய்ய ஆரம்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். கல்லூரியின் பெயரில் தாக்கல் செய்தாலும் 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. நாலு பேர் டீமில் தலைக்கு 400. ரெண்டு சினிமா, பரோட்டா செலவு! ஏஜென்ட்டாகப் பதிவு செய்துகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டும், அது நமக்கு இல்லை. ஆனால் நம் சொந்தக் கண்டுபிடிப்புக்கு நாமே விண்ணப்பிக்க எந்தப் படிப்பும் யாரும் கேட்பதில்லை. பத்தாவது ஃபெயிலானவரும் விண்ணப்பிக்கலாம்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை. தேடுங்கள். பழைய காப்புரிமைகள் கோடிக்கணக்கில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படமும் இருக்கும், பாகங்களுக்கு எண்ணும் இருக்கும், விளக்கமும் இருக்கும். டெக்ஸ்ட் புத்தகத்தில் கிடைக்காத மெக்கானிசம் எல்லாம் அங்கே இருக்கிறது. காலாவதியானதை நாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். தாக்கல் செய்த நாளிலிருந்து 20 வருஷம் முடிந்தால் அந்த வேலி விழுந்துவிடும். புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்கள் ஒரு சாயங்காலம் அங்கே உட்கார்ந்து பாருங்கள்.

தேடும்போது உங்களையே அந்தத் தேர்ந்த ஆளாக வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். "இதையெல்லாம் படித்திருந்தால் நான் இதைத்தானே செய்திருப்பேன்?" ஆமாம் என்றால் அது நல்ல வேலை, மார்க்குக்குப் போதும். "இல்லை, இந்த இடத்தில் நான் வேறு மாதிரிதான் போயிருப்பேன்" என்று மனசு உண்மையாகச் சொன்னால், அந்த இடத்தைப் படத்தில் எண் போட்டுக் குறியுங்கள். விளக்கத்தில் அதற்கு ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். தண்டு 14 பிழைத்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

நம் நாட்டிலும் 2019 செப்டம்பர் முதல் சட்டம் வந்துவிட்டது. 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். இந்தச் சீட்டுகளுக்கு ஏஐஎஸ்-072 என்ற தரமும் இருக்கிறது. இனி நம் ஊரிலும் இவற்றைச் செய்வார்கள், பழுது பார்ப்பார்கள், மாற்றி அமைப்பார்கள். அந்த வேலைக்கு உட்காரப் போகிறவர்கள் நம்மில் இருந்துதான் வருவார்கள். நம் தெருவின் மேடு பள்ளமும், நம் அத்தான்மார் பை வைக்க இடம் தேடுவதும் மியூனிக்கில் இருக்கிற எஞ்சினியருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

எனவே அடுத்த முறை யாராவது "டிப்ளமோ தானே?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். ஆமாங்க, டிப்ளமோதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கீலும் கொக்கியும் இருக்கிற இடத்தில் எது புதுசு, எது வழக்கமானது என்று முடிவு கட்ட, உலகத்துச் சட்டங்கள் நம்மைப் போன்ற ஒரு ஆளைக் கற்பனை செய்து, அவனிடம்தான் கேட்கின்றன. அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. அந்தப் பாதியை நாம் படித்துத்தான் ஆக வேண்டும். மீதிப் பாதியில், அவன் ஏறாத அந்த ஒரு படியை நாம் ஏறிக் காட்டலாமே!

வாழ்த்துகளுடன்,
உங்களில் ஒருவன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை.